எரியக் கூடாத விளக்கு

“இன்னொரு வாட்டி ஸார்! ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாருங்க!”

கத்திக்கொண்டே ஜானகி பிக்கப்பின் பின்பக்கம் ஓடி வந்து மண்டியிட்டாள். போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டின் ஜல்லி முழங்காலைக் குத்தியது. கவலைப்படவில்லை. வண்டியின் இடது பின் விளக்குக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். வலது விளக்கு இருந்த இடத்தில் நசுங்கிய தகடும், தொங்கும் ஒயர்களும்தான்.

எரியாதே. தாயே, எரிஞ்சிடாதே.

டிரைவர் சீட்டிலிருந்து ‘டொக்’ என்று ஸ்விட்ச் விழும் சத்தம்.

இடது விளக்கு பளிச்சென்று மஞ்சளாய்ச் சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது. புது வண்டி போல, ஒரு பிசகு இல்லாமல்.

ஜானகி எழுந்து டிரைவர் சீட் பக்கம் போனாள்.

“பாத்தியோன்னோ?” ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் சீனிவாசராகவன் சீட்டிலிருந்து இறங்கி, பேன்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டினார். “மூணு தடவை போட்டாச்சு. மூணு தடவையும் எரியறது. பார்க்கிங் லைட் எரியறது, பிரேக் லைட் எரியறது, டபுள் இண்டிகேட்டர் எரியறது. வலது பக்கம் மோதினதுல உடைஞ்சுருக்கு, அதை விடு. மத்ததெல்லாம் நன்னா இருக்கு. நான் வேற என்னம்மா எழுத முடியும்?”

“அவரு லைட்டு போட்டுட்டுத்தான் ஸார் எறங்குனாரு. சத்தியமா!”

“போட்டிருந்தா எரிஞ்சிருக்குமே. எதிர்ல பேக்கரிக்காரன் வெச்சிருக்கற கேமராவுல பின்பக்கம் கும்மிருட்டா இருக்கே.”

அந்த வீடியோவை அவளும் பார்த்திருந்தாள். நேற்று விடியற்காலை ஐந்தே முக்கால். பழைய மெட்ராஸ் ரோடு முழுக்க ஜனவரிப் பனி. அவள் புருஷன் இளங்கோவன் தண்ணீர் கேன் போடுவதற்காக மெஸ் வாசலில் பிக்கப்பை ஓரங்கட்டி நிறுத்துகிறான். ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போகிறான். நாற்பது வினாடி. பனிக்குள்ளிருந்து ஒரு பைக் வருகிறது. வேகம் கூட இல்லை. அந்தப் பையனுக்கு முன்னால் வண்டி நிற்பதே தெரியவில்லை. அதற்கு மேல் ஜானகி பார்க்கவில்லை.

பையன் பெயர் ஷ்ரேயாஸ். இருபத்து நாலு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மண்டையில் ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வில் கிடக்கிறான். இன்னும் கண் திறக்கவில்லை. நேற்று சாயங்காலம் ஜானகி ஆஸ்பத்திரிக்குப் போய் வராண்டா முனையிலேயே நின்றுவிட்டாள். அவனுடைய அம்மா தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி இருந்ததைக் கண்டதும் திரும்பி வந்துவிட்டாள்.

இந்தப் பக்கம் இளங்கோவன் லாக்கப்பில். எஸ்.ஐ. காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். “பேட்டரி மிச்சம் பிடிக்க ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கான். பழைய வண்டி வெச்சிருக்கறவன் எல்லாம் பண்றதுதான். லைட்டு ரிப்பேர்னு ரிப்போர்ட் வந்தா அது வேற கேஸ், ஜாமீன்ல அனுப்பறேன். லைட்டு நல்லா இருந்துச்சுன்னு வந்தா, தெரிஞ்சே இருட்டுல நிறுத்தியிருக்கான். பெரிய செக்‌ஷன் போடுவேன். பன்னெண்டு மணிக்கு மேஜிஸ்ட்ரேட் கிட்ட போகணும். ஜாமீன் எல்லாம் மறந்துடுங்க.”

இப்போது மணி பத்தே முக்கால்.

ஊரில் எல்லோரும் விளக்கு எரிய வேண்டும் என்று கும்பிடுவார்கள். ஜானகி ஒருத்திதான் எரியக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஸார், ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டியாந்து காட்டறேன் ஸார். பதினஞ்சே நிமிஷம்.”

சீனிவாசராகவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காம்பவுண்டு மூலையில் நசுங்கிக் கிடந்த ஒரு ஆட்டோவையும் காரையும் பார்த்தார். “அந்த ரெண்டையும் பாத்து எழுதிட்டு வரேன். அதுக்குள்ள கூட்டிண்டு வா. இந்த அம்மா முன்னாடிதான் எதையும் தொடணும்.”

‘இந்த அம்மா’ என்றது ஹெட் கான்ஸ்டபிள் லவினாவை. பிரேசர் டவுன்காரி, பேச்சில் கன்னடம் கலக்கும். ஒரு கையில் ஃபைல், மறு கையில் பாதி கடித்த பன். “ஓடு ஜானகி. ஏன் நின்னுக்கினு இருக்கே? ஸார் மனசு மாறறதுக்குள்ள ஓடு!”

ஜானகி ஓடினாள். கேட்டைத் தாண்டியதும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள். பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன.

“இங்க பக்கத்துல ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை எங்க இருக்கு?” கேட் ஓரம் நின்றிருந்த ஒருவரைப் பிடித்து மூச்சிரைக்கக் கேட்டாள்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. பழைய ஸ்கூட்டர் மேல் கை வைத்தபடி கேட் கம்பிகளுக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

“எதுக்கு?”

“அந்த நீல பிக்கப்பு இருக்குதுல்ல, அதுக்கு. லைட்டு பிரச்னை.”

“நீ யாரு அதுக்கு?”

“எங்க வண்டி. எம் புருஷன்தான் உள்ள இருக்காரு.”

பெரியவர் அவளையே பார்த்தார். பார்வை சாதாரணமாக இல்லை. ஜானகி அப்போது அதை யோசிக்கிற நிலையில் இல்லை.

“நான் எலெக்ட்ரீஷியன்தான்” என்றார். “நானே பாக்கறேன்.” ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து கரண்டு வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் லேம்ப், இரண்டு ஸ்பானர், ஒரு துண்டு ஒயர் எடுத்தார்.

கடவுளே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தாள் ஜானகி.

*

உள்ளே வந்த பெரியவர் நேராக வண்டியிடம் போகவில்லை. லாக்கப் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கம்பிக்குப் பின்னால் இளங்கோவன் முழங்காலில் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தான். முகம் தெரியவில்லை.

“அவனா?”

“ஆமாங்கண்ணா. சீக்கிரம் பாருங்கண்ணா.”

அதன்பின் வண்டியின் பின்பக்கம் வந்தார். நசுங்கிய வலது மூலையைக் கண்டதும் கை அப்படியே நின்றது. தகட்டில் பைக்கின் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடாக இழுத்திருந்தது. அதை ஒரு விரலால் தொட்டார். பிறகு தலையை உதறிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

இறங்கிவிட்டால் அந்தக் கையின் லாவகம் தனி. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது. பல்பைக் கழற்றி மாட்டினார். ஹோல்டரை ஸ்பானர் பிடியால் தட்டினார். ஒயரை ஒரு முழத்துக்கு ஒரு முழம் பிடித்து ஆட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு தடவையும் ஜானகி ஸ்விட்சைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாழாய்ப் போன விளக்கு சிமிட்டியது.

பெரியவர் நிமிர்ந்தார். “எரியுது.”

“தெரியுதுண்ணா, ஆனா நேத்து...”

“எரியுதுன்னு சொல்றேன்ல!” குரல் திடீரென்று சீறியது. பன்னைக் கடித்துக்கொண்டிருந்த லவினாவே திரும்பிப் பார்த்தாள். “ஒயர் நல்லா இருக்கு, ஃபியூஸு நல்லா இருக்கு. உன் புருஷன் ஸ்விட்சே போடல. பொய் சொல்றான். போட்டுட்டேன் போட்டுட்டேன்னு எல்லாவனும் இதைத்தான் சொல்லுவான். அங்க ஒரு புள்ள சாவக் கெடக்குது!”

ஜானகிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. உதவிக்கு வந்தவர் என்று நினைத்த மனுஷன் இப்படிப் பாய்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

“அவரு பொய் சொல்றவரு இல்ல! டேஷ்போர்டுல அம்புக்குறி ரெண்டும் அடிக்கறதைப் பாத்துட்டுத்தான் எறங்கினேன்னு சொல்றாரு. உங்களுக்குப் பாக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க. எங்க வீட்டு ஆளைப் பொய்யன்னு சொல்லாதீங்க!”

“ஏய், ஏய், சும்னே சண்டை போடாதீங்க” என்றாள் லவினா.

ஜானகி சொன்னதில் ஏதோ ஒன்று பெரியவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது. மெதுவாக, தனக்குத் தானே பேசுவது போலக் கேட்டார்.

“டேஷ்போர்டுல அடிச்சுதா?”

“அடிச்சுதாம்.”

“முன்னாடி லைட்டு?”

“மெஸ்ஸு வாட்ச்மேன் முன்னாடி லைட்டு அடிச்சதைப் பாத்தேன்னு சொன்னாரு. பின்னாடி அவருக்குத் தெரியல.”

“நேத்து வண்டில இன்னா லோடு?”

“தண்ணி கேன். அறுபது.”

“ஃபுல்லா?”

“அதான் முதல் டெலிவரி. ஒண்ணுதான் எறக்கினாரு.”

பெரியவர் பிக்கப்பின் தொட்டியை எட்டிப் பார்த்தார். துடைத்து வைத்தாற்போல் காலி. கேன்களை நேற்றே வேறு வண்டியில் மாற்றியிருந்தார்கள்.

“ஒரு டன்னுக்கு மேல” என்று முணுமுணுத்தார். “லோடு ஏத்தாம பாத்தா எப்படித் தெரியும்?” சட்டென்று லவினா பக்கம் திரும்பினார். “மேடம், ஆளுங்க வேணும். பதினஞ்சு பதினாறு பேரு.”

“எதுக்குய்யா? தேர் இழுக்கவா?”

“வண்டில ஏறி நிக்க.”

*

அடுத்த ஐந்து நிமிடம் அந்த ஸ்டேஷன் காம்பவுண்டில் நடந்ததை, அங்கே இருந்தவர்கள் வெகுநாள் சொல்லித் திரிந்திருப்பார்கள்.

லவினா வராண்டாவில் நின்று கைதட்டினாள். “பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு வந்தவங்க எல்லாம் வாங்க! பேப்பர்ல கையெழுத்து வேணும்னா வாங்க! ஸ்வல்ப ஹெல்ப், கொஞ்ச நேரம்தான்!” கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞன் லேப்டாப் பையோடு ஏறினான். செல்போன் தொலைத்துப் புகார் கொடுக்க வந்த இரண்டு பேர் ஏறினார்கள். டீ கொண்டுவந்தவன் ஃபிளாஸ்க்கோடு ஏறினான். மூன்று கான்ஸ்டபிள்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். வாடகை வீட்டுத் தகராறுக்கு வந்த வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் இரண்டு மூலையில் முகம் பாராமல் நின்றார்கள்.

“பின்னாடி தள்ளி நில்லுங்க! எல்லாரும் பின்னாடி!” பெரியவர் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுக் கத்தினார்.

சத்தம் கேட்டு சீனிவாசராகவன் பேனாவும் கையுமாக வந்துவிட்டார். “என்ன இது, கல்யாண வண்டியா?”

“ஸ்விட்சு போடும்மா!”

ஜானகி போட்டாள். இடது விளக்கு சிமிட்டியது.

பத்துப் பேர். சிமிட்டியது.

பன்னிரண்டு பேர். வண்டி நன்றாகவே அமுங்கியது. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“இன்னும் யாரும் இல்லையா?”

“நான் இருக்கேன்யா, என்னை விட்டா யாரு?” என்று மிச்சப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு லவினா தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அவளும் ஆள் சற்று கனம்தான். ‘தட்’டென்று வந்து நின்றாள்.

விளக்கு அணைந்தது.

ஜானகி வண்டியின் முன்பக்கம் ஓடினாள். முன் இண்டிகேட்டர்கள் இரண்டும் ஜோராக அடித்துக்கொண்டிருந்தன. டேஷ்போர்டில் அம்புக்குறிகள் அடித்துக்கொண்டிருந்தன. பின்னால் ஓடி வந்தாள். செத்த விளக்கு.

“அவரு பொய் சொல்லல!” அவள் கத்தியதில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. “பாத்தீங்களா ஸார்? அவரு பொய் சொல்லல!”

தொட்டியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். குடித்தனக்காரரும் வீட்டுக்காரரும்கூட.

பெரியவர் மட்டும் தட்டவில்லை. அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை. அடி வாங்கியவர் முகம் அது. குனிந்து டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை ஹோல்டருக்குள் விட்டார், மறு முனையை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸியில் வைத்தார். டெஸ்ட் லேம்ப் விட்டு விட்டு எரிந்தது. “கரண்டு வருது ஸார். வந்த கரண்டு திரும்பிப் போக வழி இல்ல. எர்த்து போச்சு.” துண்டு ஒயரை விளக்குத் தகட்டுக்கும் சேஸிக்கும் நடுவே பிடித்தார். விளக்கு எரிந்தது. எடுத்தார். அணைந்தது.

சீனிவாசராகவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “பலே. ஆனா இது போறாது. மோதினதுல எர்த் ஒயர் பிஞ்சுடுத்து, முன்னாடி நன்னாத்தான் இருந்ததுன்னு எஸ்.ஐ. சொல்லிடுவார். மோதறதுக்கு முன்னாடியே கோளாறு இருந்ததுன்னு காட்டணும். எங்கே, ஏன்னு எனக்குக் கண்ணால பாக்கணும்.”

“பாக்கறேன்” என்றார் பெரியவர். செல்போன் டார்ச்சைப் போட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு, மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். முழங்காலுக்குக் கீழே கால் மட்டும் வெளியே தெரிந்தது.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம்.

“கெடைச்சுதாண்ணா?”

பதில் இல்லை. கால் இரண்டும் அசையவே இல்லை.

*

அந்த நேரம்தான் இளங்கோவனை வெளியே கொண்டுவந்தார்கள். கோர்ட்டுக்குப் போக ஜீப் தயாராக நின்றது. ஒரு கான்ஸ்டபிள் கையைப் பிடித்திருந்தான். ஜானகி ஓடிப் போய் எதிரில் நின்றாள்.

“கண்டுபிடிச்சாச்சு! லோடு ஏத்தினா லைட்டு நிக்குது! எர்த்து கோளாறாம். பெரியவர் ஒருத்தரு அடில போய்ப் பாத்துக்கினு இருக்காரு.”

இளங்கோவன் நம்பாமல் வண்டியைப் பார்த்தான், அதில் நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தான், பிறகு கேட் பக்கம் பார்த்தான். கண் விரிந்தது.

“அந்த ஸ்கூட்டர்... கோவிந்தப்பா அண்ணா வண்டிதானே அது? ஜோகுபாளையத்துல கடை வெச்சிருக்காரே. அவரா வந்திருக்காரு?”

“உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“தெரியாம என்ன? ஆயுத பூஜைக்கு நம்ம வண்டிக்குப் பின்னாடி லைட்டு வேலை பார்த்ததே அவருதானே!”

ஜானகியின் காதுக்குள் ‘ஙொய்’ என்றது.

தெருவில் கண்ணில் பட்டவரைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். வந்த ஆள், கோளாறு வைத்த ஆளேதான். அதனால்தான் கேட்டில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாரா? அதனால்தான் எரியுது எரியுது என்று அந்தப் பாய்ச்சலா? இப்போது வண்டிக்கு அடியில், தன்னந்தனியாக, கையில் ஸ்பானரோடு...

அடியிலிருந்து ‘கிளிக்’ என்று சத்தம் வந்தது. இரும்பில் ஸ்பானர் உட்காரும் சத்தம்.

இரண்டு சுற்று. இரண்டே சுற்று இறுக்கிவிட்டால் போதும். விளக்கு எரியும். எத்தனை பேர் ஏறினாலும் எரியும். மோதுவதற்கு முன்பே கோளாறு இருந்ததற்குத் தடயமே இருக்காது.

ஜானகி ஓடி வந்த வேகத்தில் ஜல்லியில் சறுக்கி, புடவை கிழிய, வண்டிக்கு அடியில் புகுந்தாள்.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அவர் கை. ஸ்பானர் ஒரு போல்ட் மேல் உட்கார்ந்திருந்தது.

“கையை எடுங்க.”

அவர் திரும்பவில்லை.

“கோவிந்தப்பாண்ணா. கையை எடுங்க. எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நீங்க பார்த்த வேலைன்னு அவரு சொல்லிட்டாரு.”

அப்போதுதான் அவர் முகம் திரும்பியது. அழுதுகொண்டிருந்தார். மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“பூஜை அன்னிக்கு வண்டி முழுக்க நீலமா இல்லைம்மா” என்றார். “பாதி வெள்ளை, பாதி பெயின்ட்டு. நம்பர் பிளேட்டைக்கூட கழட்டி வெச்சிருந்தாங்க. அதான் எனக்கு அடையாளம் தெரியல. ஒயர் மூட்டுல டேப்பு சுத்தாம சைக்கிள் டியூபைச் சொருகியிருக்குதே, பாரு. இந்த ஏரியாவுலேயே அது நான் ஒருத்தன்தான் பண்றது. இதைப் பாத்ததும்தான்...”

“கையை எடுங்கண்ணா.” அவள் இன்னும் நெருங்கி ஊர்ந்தாள். “அவரு ஜெயிலுக்குப் போயிடுவாரு.”

அவர் ஸ்பானரைப் பார்த்தார். ஒரு லாரி ரோட்டில் போனதில் வண்டி மெல்ல அதிர்ந்தது. மேலே தொட்டியில் யாரோ, “சார், எறங்கலாமா சார்?” என்று கேட்டார்கள்.

ஸ்பானர் போல்ட்டிலிருந்து கழன்று ஜல்லியில் விழுந்தது.

“இன்ஸ்பெக்டர் ஐயாவைக் கூப்பிடு” என்றார். “இப்பவே, நான் தொடறதுக்கு முன்னாடி பாக்கச் சொல்லு. போட்டோ எடுத்துக்கச் சொல்லு.”

*

சீனிவாசராகவன் கீழே பேப்பர் விரித்து, தொப்பையை அடக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் வந்தார். ஆறு போட்டோ எடுத்தார். வெளியே வந்தவர் முகத்தில் ஆச்சரியம் அப்பிக் கிடந்தது.

“சேஸியில நீலப் பெயின்ட்டு. அதுக்கு மேல எர்த் ஒயரோட வளையம். வளையத்துக்கு அடியில ஒரு பொட்டு இரும்பு தெரியலை, பூரா பெயின்ட்டு. அதுவும் பட்டை ஸ்பிரிங்கோட வால் பக்கத்துல. லோடு ஏறினா பட்டை நிமிர்ந்து ஒயரை இழுக்கறது, வளையம் பிசகறது, எர்த் போயிடறது. மாசக்கணக்கா இழுத்து இழுத்து பெயின்ட்டுல தடமே விழுந்திருக்கு. மோதினதுல வந்தது இல்லை இது.” கோவிந்தப்பாவைப் பார்த்தார். “பெயின்ட்டைச் சுரண்டாம எர்த் வைக்கக் கூடாதுன்னு உமக்குத் தெரியாதா?”

“தெரியும் ஸார். முப்பது வருஷமாத் தெரியும்.” கோவிந்தப்பா ஜல்லியில் உட்கார்ந்திருந்தார். “ஆயுத பூஜை அன்னிக்குக் காலைல வந்தாரு இந்தத் தம்பி. முந்தின நாள் ராத்திரிதான் அடில சேஸிக்குப் பெயின்ட்டு அடிச்சாங்களாம், மேல பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. பின்னாடி லைட்டு ரெண்டும் எரியல. விளக்கு எரியாத வண்டிக்கு எப்படி பூஜை போடறதுன்னாரு. பழைய எர்த்து போல்ட்டு துரு பிடிச்சு ஒடஞ்சு போயிருந்துச்சு. என் சாமானெல்லாம் பூஜைல வெச்சாச்சு ஸார். ஸ்பானர், அரம், உப்புக் காகிதம், எல்லாத்துக்கும் குங்குமம் வெச்சு பூவு போட்டாச்சு. அன்னிக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது. இந்தத் தம்பி வண்டில இருந்த ஸ்பானரையே வாங்கி, கைக்கு எட்டின ஓட்டையில முடுக்கி வுட்டேன். சுரண்ட ஒண்ணும் இல்ல. எரிஞ்சுது. பூஜை முடிஞ்சு எடுத்துக்கினு வா, சரியா வெச்சுத் தரேன்னு சொன்னேன்.”

இளங்கோவன் தலையைக் குனிந்தான். “சொன்னாருதான். நான் போகல.”

போகாததற்குக் காரணம் ஜானகிக்குத் தெரியும். எரியுதே, எதுக்கு ஒரு நாள் டெலிவரியைக் கெடுக்கணும் என்று சொன்னதே அவள்தான். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

எஸ்.ஐ. வராண்டாவிலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டார். போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு ஜீப் டிரைவருக்குக் கையைக் காட்டினார். ஜீப்பின் எஞ்சின் நின்றது.

“இளங்கோவனை உள்ள உக்கார வையுங்க. ஜாமீனுக்குப் பேப்பர் போடுங்க. லவினா, இவரு வாக்குமூலத்தை எழுதி வாங்கு.”

ஜானகி புருஷன் கையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இருந்தாலும் ஒன்று புரியவில்லை. எதுக்காக இந்த மனுஷன் ஸ்பானரைக் கீழே போட்டார்? இறுக்கியிருந்தால் ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. கோளாறு தன்னுடையதுதான் என்று போலீஸ் ஸ்டேஷன் நடுவில் உட்கார்ந்து யாராவது சொல்வார்களா?

லவினா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

“பேரு?”

“கோவிந்தப்பா.”

“வயசு?”

“அம்பத்தாறு.”

“தொழில் எலெக்ட்ரீஷியன். விலாசம் ஜோகுபாளையம். சரி. கடை இன்னிக்கு ஏன் மூடியிருக்கு? எங்க ஆளு காலைல ஜீப்புக்கு எலெக்ட்ரீஷியன் தேடி அங்கதான் போனான். ரெண்டு நாளா ஷட்டரு திறக்கலன்னாங்க.”

அவர் கேட் ஓரம் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார்.

“சரி வுடு. ஸ்டேஷனுக்கு எதுக்கு வந்தே? ஜானகி போய்க் கூப்பிடறதுக்கு முன்னாடியே கேட்டுல நின்னுக்கினு இருந்தியாமே?”

“அந்த டிரைவர் பொய் சொல்றான்னு நிரூபிக்க வந்தேன். விளக்கு எரியுதுன்னு என் கண்ணால பாத்துட்டு, அவனை வெளிய வுடாதீங்கன்னு சொல்ல வந்தேன்.”

லவினாவின் பேனா நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கேட்டே ஆக வேண்டிய அந்த வழக்கமான கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேட்டாள்.

“இந்த கேஸுல ரெண்டு பக்கத்துல யாராச்சும் உனக்கு உறவா?”

கோவிந்தப்பா உள்ளங்கையில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட் துகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஐ.சி.யு.வுல கெடக்கறானே, ஷ்ரேயாஸ். எம் மவன்.”